பெயிண்ட் கடை மாடியில் ஒரு பாலிசி

புத்தகம் சேர்ப்பது நல்ல பழக்கம் என்று எல்லாரும் சொல்வார்கள். யாராவது அன்பாகக் கொண்டு வந்து நீட்டும் புத்தகத்தை வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். யார் சொந்தம், யார் இல்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தது.

திண்டுக்கல் நாகல் நகரில் என் மாமாவுக்குப் பெயிண்ட் கடை. மாமா என்றால் அம்மாவின் கூடப் பிறந்த அண்ணன். கீழே கடை, கலர் கலக்கும் மிஷின், ஷேடு கார்டு தொங்கும் சுவர். மேலே காலி டப்பாக்களைப் போட்டு வைத்திருந்த ஓர் அறை. காலேஜ் முடித்த கையோடு அந்த அறையை நானும் என் தோழியும் கேட்டு வாங்கினோம். தோழிக்கு நிலக்கோட்டைப் பக்கம். வீட்டில் மல்லிகைத் தோட்டம். இரண்டு பேரும் ஆங்கில இலக்கியம் படித்ததாகச் சர்டிபிகேட் சொல்கிறது. உண்மையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து போனில் ஓவியம் பார்த்தோம். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது. கையில் எடுத்து, கண்ணருகில் வைத்து, பிரஷ் போன தடம் தெரியப் பார்க்க வேண்டும் என்று வெறி. இந்த ஊரில் அப்படி ஒரு புத்தகத்தை எங்கே போய்ப் பார்ப்பது? எந்த அலமாரியிலும் இல்லை. சரி, நாமே சேர்ப்போம் என்று கிளம்பிவிட்டோம்.

முதல் புத்தகம் பழைய பேப்பர் கடையில் கிடைத்தது. கோயில் கூரை ஓவியங்களைப் பற்றியது. நியூஸ் பேப்பர் கட்டோடு சேர்ந்து தராசில் ஏறி நின்றது. இரண்டாவது, மூடிப்போன ஒரு பிரஸ்ஸின் காலண்டர் மாதிரி ஆல்பம். மூன்றாவது, சர்ச் ஜன்னலுக்குக் கலர்க் கண்ணாடி செய்த ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியின் டிசைன் புத்தகம். அதைக் கண்டுபிடித்த அன்று நாங்கள் போட்ட கூச்சலில் கீழே பெயிண்ட் வாங்க வந்தவர் கரண்ட் அடித்துவிட்டது என்று நினைத்தாராம்.

அப்புறம் ஒரு கிறுக்குத்தனம் செய்தோம். அரிய கலைப் புத்தகங்கள் இருந்தால் கொடுங்கள் என்று வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டோம். திண்டுக்கல்லே திரண்டு வந்தது. டென்த் கைடு வந்தது. பேங்க் எக்ஸாம் புத்தகம் வந்தது. மைக்ரோவேவ் சமையல் வந்தது. அட்டை போன ஜெபப் புத்தகங்களை ஒருவர் மூட்டையாகவே கொண்டு வந்து, "கீழ போட மனசு வரல பாப்பா, நீ வச்சுக்க" என்றார். அவருக்கு மனசு வரவில்லை, அதனால் எங்கள் அறை நிறைந்தது.

தோழிதான் சொன்னாள். "இப்படியே போனா நாம லைப்ரரி இல்லடி, குப்பைத்தொட்டி. ஒரு பாலிசி போடு."

போட்டோம். மாமா கடையில் தூக்கிப் போட்ட ஒரு பெரிய ஷேடு கார்டின் பின்பக்கம் மார்க்கரால் எழுதி, உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும்படி ஒட்டினோம். படத்துக்காகவே போட்ட புத்தகமாக இருக்க வேண்டும். இன்றைக்குக் கடையில் கிடைப்பதாக இருந்தால் வேண்டாம். நிபந்தனையோடு தருவதாக இருந்தால் வேண்டவே வேண்டாம். எடுத்த புத்தகத்தை யார் வந்து கேட்டாலும் கையில் கொடுப்போம். கடைசியாக, வெட்டியது, கிழித்தது, கிறுக்கியது எடுக்க மாட்டோம்.

அந்தக் கடைசி விதி எங்கள் ஊருக்காகவே போட்டது. எங்கள் கத்தோலிக்க வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டு ஓவியப் புத்தகம் கைக்கு வந்தால், அதில் இருக்கும் மாதா படங்களை பிளேடால் அழகாக வெட்டி ஃப்ரேம் போட்டு ஜெபம் சொல்லும் இடத்தில் மாட்டிவிடுவார்கள். யாரும் இதைத் தப்பு என்று நினைப்பதில்லை. மாதா புத்தகத்துக்குள் மூடிக் கிடக்கலாமா, சுவரில் அல்லவா இருக்க வேண்டும்? இப்படி எங்களிடம் வந்த புத்தகங்களில் மாதா இருந்த பக்கமெல்லாம் சதுரச் சதுரமாக ஜன்னல் இருந்தது.

பாலிசி ஒட்டிக் கொஞ்ச நாளில் மாமா மேலே வந்தார். கையில் பிரவுன் பேப்பர் சுற்றி, நூல் கட்டிய ஒரு பார்சல்.

"இது உங்க தாத்தா புத்தகம் ஆத்தா. வெள்ளக்காரச் சாமியார் ஊருக்குத் திரும்பிப் போறப்ப தாத்தா கையில குடுத்தது. நம்ம வீட்ல இம்புட்டு வருசமா பத்திரமா இருக்கு. நீதான் வைக்கணும். முன்னாடி தாத்தா பேரு போட்டு வை."

வாங்கிப் பிரித்தேன். இத்தாலிய ஓவியங்கள். தாள் என்ன தாள், அச்சு என்ன அச்சு! அட்டையைத் தடவும்போதே எனக்கு வாயில் எச்சில் ஊறியது. உள்ளே திறந்தேன். ஜன்னல். அடுத்த பக்கம், ஜன்னல். அந்தப் பக்கங்கள் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். தாத்தா தன் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் கல்யாணத்தின்போது ஒரு மாதா படம் ஃப்ரேம் போட்டுக் கொடுத்தார். எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜுக்கு மேலே இருக்கிற மாதா இந்தப் புத்தகத்திலிருந்து இறங்கியவர்தான்.

மாதாக்கள் எல்லாரும் இப்படிக் கல்யாணமாகிப் போய்விட்டதால் புத்தகத்தில் மிச்சம் இருந்தது யார் என்று பார்த்தேன். இரண்டு மூன்று குதிரைகள். ஒரு போர்க்களம். மற்றபடி உடம்பில் ஒட்டுத் துணி இல்லாத ஆண்களும் பெண்களும். மாமா இந்தப் புத்தகத்தைத் தன் வாழ்நாளில் திறந்து பார்த்ததே இல்லை என்று அந்த நிமிடம் புரிந்தது. டக்கென்று மூடிவிட்டேன்.

"மாமா, மன்னிச்சுக்கங்க. வெட்டுன புத்தகம் எடுக்கிறதில்ல. பாலிசி."

"என்ன பாலிசி? இன்சூரன்ஸ் கம்பெனியா நடத்துற?"

"அதோ ஒட்டியிருக்கு."

மாமா சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "என் மாடி. என் ஷேடு கார்டு. எங்கப்பா புத்தகம். வேணாம்?" என்றார். நூலை மறுபடி கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். தோழி தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் வருத்தப்படவில்லை. சொந்தக்காரருக்கு வளைகிற விதி, விதி கிடையாது, பேப்பர்.

இந்த வீராப்பைச் சோதிக்கவே அனுப்பியது போல் அடுத்து ஒரு அம்மா வந்தார். ஆத்தூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர். ஜவுளிக்கடைக் கட்டைப் பையிலிருந்து ஒரு பெரிய புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"எங்கப்பா டிராயிங் வாத்தியாரா இருந்தாரு பாப்பா. இது அவரு கிளாஸ்ல காட்டுன புக்கு. அவரு போனதுக்கப்புறம் சும்மா கெடக்கு. வீட்ல இருந்தா எலி தின்னுரும்."

திறந்தேன். ஐரோப்பிய ஓவியங்கள். ஆற்றில் குளிக்கும் பெண்கள் ஒரு பக்கம். அவர்கள் எல்லாரும் சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார்கள். அடுத்த பக்கத்தில் சோபாவில் சாய்ந்திருந்த ஒருத்தி, பஃப் கை வைத்த ரவிக்கையும் ஜரிகைக் கரைப் பாவாடையும் போட்டிருந்தாள். பாறை மேல் நின்ற ஒரு பயில்வான் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான்.

தோழி சிரிக்க ஆரம்பித்தாள். நானும். அந்த அம்மாவும் சேர்ந்து சிரித்தார்.

"ஹெட்மாஸ்டர் இந்தப் படமெல்லாம் பிள்ளைங்களுக்குக் காட்டப்படாதுன்னுட்டாராம். அப்பா என்ன செஞ்சாரு, லீவு நாள்ல உக்காந்து எல்லாருக்கும் சட்ட போட்டு விட்டுட்டாரு. அப்பத்தான பிள்ளைங்க கை காலு வரையப் படிக்கும்?"

கிட்டே வைத்துப் பார்த்தபோது சிரிப்பு நின்றது. மனிதர் சும்மா பூசி மறைக்கவில்லை. ஓவியத்தில் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழுந்தால் ரவிக்கை மடிப்பின் நிழல் வலப்பக்கம் விழுந்தது. தண்ணீருக்குள் இருந்த சேலைத் தலைப்பு தண்ணீரின் பச்சையை வாங்கியிருந்தது. உலகத்தில் இந்தப் புத்தகம் எத்தனை பிரதி வேண்டுமானாலும் இருக்கட்டும். இந்தப் பிரதி ஒன்றுதான்.

"எடுத்துக்கிறோம்," என்றேன்.

"செத்த நேரம் இருங்கக்கா," என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தோழி என்னை மொட்டை மாடிக்கு இழுத்துப் போனாள். "ஏன்டி, உனக்கு வெக்கமா இல்ல? கிறுக்குனது எடுக்க மாட்டோம்னு எழுதி வச்சிருக்க. உங்க மாமாவ அத வச்சுத்தான திருப்பி அனுப்புன?"

"இது கிறுக்கலா? கண்ண தொறந்து பாரு."

"எனக்கும் புடிச்சிருக்கு. ஆனா ரூல் அங்க இருக்கு. வேணும்னா ரூல மாத்து, எல்லாரும் பாக்கிற மாதிரி மாத்து. சந்து வழியா உள்ள விடாத."

சரியான கழுதை, ஆனால் சரியாகச் சொன்னாள். யோசித்தோம். மாதாவை வெட்டியவர் படத்தை எடுத்துவிட்டார். வாத்தியார் எதையும் எடுக்கவில்லை, சேர்த்தார். அதுதான் வித்தியாசம். உள்ளே வந்து கடைசி விதியை அடித்துவிட்டுக் கீழே எழுதினோம்: "எடுத்தது வேண்டாம். சேர்த்தது இருக்கலாம்." அந்த அம்மா அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "நல்லாருக்கு, வாரேன்" என்று பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

காலி டப்பா எடுக்க வந்த மாமா கண்ணில் அடுத்த நாளே மேசை மேல் இருந்த புத்தகம் பட்டது.

"இது மட்டும் எப்படி உள்ள வந்துச்சு? எங்கப்பன் புத்தகத்துக்கு ஒரு சட்டம், எவனோ வாத்தியார் புத்தகத்துக்கு ஒரு சட்டமா?"

விளக்கினேன். ஹெட்மாஸ்டர் கதை, ரவிக்கைக் கதை எல்லாம். மாமா பக்கத்தைப் புரட்டினார். முகம் அப்படியே மாறியது.

"பாத்தியா! மனுசன்னா இவரு மனுசன். மானம் மருவாத தெரிஞ்ச ஆளு. என்ன நேர்த்தியா மூடியிருக்காரு பாரு!"

அந்தச் சந்தோஷத்தோடே ஷெல்ஃபிலிருந்து இன்னொரு புத்தகத்தை உருவினார். திறந்தார். மூடினார். இன்னொன்றை உருவினார். "இதென்ன கண்றாவி? பொம்பளப் பிள்ளைங்க பாக்குற படமா இது? இம்புட்டு நாளும் என் கடைக்கு மேல இதா இருந்துச்சு?"

"ஓவியம் மாமா."

"எனக்கும் தெரியும். உங்க தாத்தா வச்சிருந்ததும் ஓவியப் புத்தகந்தான். அதுல ஒரு அசிங்கம் உண்டா?"

தோழி என் கையைக் கிள்ளினாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் வாய்க்கு அந்தப் பழக்கம் இல்லை.

"கீழ போய்த் தொறந்து பாருங்க மாமா."

போனார். பிரவுன் பேப்பர் கிழியும் சத்தம் கேட்டது. அப்புறம் கலர் கலக்கும் மிஷின் சத்தம் மட்டும். படியில் காலடி. மாமா, முகம் சிவக்க, தாத்தா புத்தகத்தைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

"இதுக்கும் போடு," என்றார்.

"என்னது?"

"சட்ட. சேர்த்தது இருக்கலாம்னு நீதான எழுதி வச்சிருக்க? சேரு. இதுக்கும் போடு, அங்க இருக்க எல்லாத்துக்கும் போடு. பெயிண்ட் நான் தாரேன். எனாமல் வேணாம், தாள் மொறமொறன்னு ஆயிரும். எமல்ஷன் தாரேன், மேட் பினிஷு. எந்த ஷேடு வேணும்னு சொல்லு, மிஷின்ல கலந்து தாரேன். போட்டு முடிச்சு, உங்க தாத்தா பேர எழுதி முன்னால வை."

மாமா விளையாடவில்லை. என் விதியை வைத்தே என்னை மடக்கிவிட்டார்.

"மாமா, நாங்க புத்தகம் சேக்கிறவங்க. சட்ட தைக்கிறவங்க இல்ல. வாத்தியாரு அவரு சொந்தப் புக்குல, பிள்ளைங்களுக்குக் காட்டணும்னு போட்டாரு. நீங்க யாருக்கும் காட்டக் கூடாதுன்னு போடச் சொல்றீங்க. ரெண்டும் ஒண்ணு இல்ல."

"பேச நல்லாப் படிச்சிருக்க. இந்த மாசக் கடைசிக்குள்ள ஒண்ணு சட்ட போடு, இல்லாட்டி ரூமக் காலி பண்ணு." தாத்தா புத்தகத்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

வீட்டுக்குப் போனால் அம்மாவுக்கு விஷயம் எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. அம்மா ஸ்கூல் டீச்சர். பேப்பர் திருத்திக்கொண்டே சண்டை போடக்கூடியவர்.

"நாலு படத்துல கொஞ்சம் பூசி விட்டா உனக்கு என்ன கொறஞ்சு போகுது? எங்கண்ணன் வாடகைன்னு ஒரு வார்த்த கேட்டிருப்பாரா?"

"அதுக்காகப் படத்துல எமல்ஷன் அடிக்கணுமாம்மா?"

"எங்கப்பா கல்யாணத்துக்குக் குடுத்த மாதாவ நான் தெனம் கும்பிடுறேன். அத வெட்டுனது தப்புன்னு அண்ணன்கிட்டச் சொல்லியிருக்க."

"தப்புன்னு சொல்லலம்மா. உங்களுக்கு அது சரி. என் ரூமுக்குச் சரி வராது."

"உன் ரூமா? எங்கண்ணன் ரூமு."

அம்மாவே இறங்கி வந்தார். "சரி, ஒண்ணும் பூச வேணாம். அந்த மாதிரிப் புத்தகத்தையெல்லாம் பீரோவுல வச்சுப் பூட்டு. சாவிய நீயே வச்சுக்க. அண்ணன்கிட்ட நான் பேசுறேன்."

உண்மையைச் சொன்னால் ஆசையாக இருந்தது. அறை இருக்கும். புத்தகம் இருக்கும். சாவி என் கையில். மறுநாள் காலையில் தோழிக்குப் போன் போட்டேன். அவள் திண்டுக்கல்லுக்குப் பூ ஏற்றி வரும் அவர்கள் வீட்டு வேனில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தாள், பின்னால் ஹாரன் சத்தம்.

"யார் கேட்டாலும் குடுப்போம்னு எழுதியிருக்கோம்ல?" என்று கத்தினாள். "பூட்டி வச்சா அது கலெக்‌ஷன் இல்லடி, பதுக்கல். முதல்ல பீரோ சாவி கேப்பாங்க, அப்புறம் எது உள்ள, எது வெளியன்னு உங்க மாமா வந்து பிரிப்பாரு. எங்க வீட்டு மாடில மருந்தடிக்கிற மிஷின் வைக்கிற ரூம் இருக்கு. அப்பாகிட்டக் கேக்குறேன்."

அவள் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். "பூச்சி வருமா?" வராமல் பார்த்துக்கொள்வோம் என்றதும் முடிந்தது பேச்சு. ஈரம் கீழே பூ கட்டும் ஹாலோடு சரி, மாடி வெயிலில் காய்ந்து கிடந்தது. இன்னொரு வசதியும் இருந்தது. காலையில் பூவை இறக்கிவிட்டு வேன் திண்டுக்கல்லிலிருந்து காலியாகத்தான் திரும்புகிறது.

மாசக் கடைசி வரை நான் காத்திருக்கவில்லை. துரத்தினார்கள் என்ற பேச்சு எனக்கு வேண்டாம், போனாள் என்று இருக்கட்டும். அட்டைப் பெட்டிகளில் புத்தகங்களை அடுக்கி, பூச்சாக்கு விரித்த வேனில் ஏற்றினோம். கடையில் கூட்டம். மாமா ஒருவருக்கு வெள்ளையில் எத்தனை வெள்ளை இருக்கிறது என்று விளக்கிக்கொண்டே எங்களை ஓரக்கண்ணால் பார்த்தார். கடைசிப் பெட்டி வந்தபோது வெளியே வந்தார். தொண்டையைக் கனைத்தார்.

"அந்த வாத்தியார் புத்தகத்த மட்டும் வச்சுட்டுப் போ. கடையில கண்ணாடிக்குள்ள வச்சு எல்லாரும் பாக்கிற மாதிரி வைக்கிறேன். நல்ல காரியம். நாலு பேரு பாத்துத் திருந்துவான்."

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே அந்தப் புத்தகத்தை அவருக்குப் பிடித்துவிட்டது. அதுதான் எனக்கு எரிச்சல். கண்ணாடிக்குள் தனியாக வைத்தால் அது ஒழுக்கப் பாடமாகிவிடும். துணியில்லாத மற்ற படங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த மனிதர் எவ்வளவு சாமர்த்தியமாக ஹெட்மாஸ்டரை ஏமாற்றி, பிள்ளைகளுக்குக் கையும் காலும் காட்டினார் என்று தெரியும்.

"அது தனியா வராது மாமா. எல்லாத்தோடயும் சேந்துதான் இருக்கும்."

"கொழுப்பு," என்றார்.

"ஆமா," என்றேன்.

மாடி அறைச் சாவியைக் கல்லாப்பெட்டி மேல் வைத்தேன். அவர் அதை எடுக்காமல் உள்ளே திரும்பினார். வேன் கிளம்பியது. அழுகை வருமோ என்று பயந்தேன். வரவில்லை, பசிதான் வந்தது. போகிற வழியில் புரோட்டா வாங்கி, பெட்டிகள் மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். புத்தகத்தில் சால்னா பட்டால் கொன்றுவிடுவேன் என்று தோழி மிரட்டிக்கொண்டே வந்தாள்.

இப்போது தோழி வீட்டு மாடி அறைக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் போகிறேன். நாகல் நகரில் இருந்தபோது வந்த ஆட்கள் இவ்வளவு தூரம் வருவதில்லை. அது நஷ்டம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் போன வாரம் பூ எடுத்து முடித்த அக்காமார் மூன்று பேர், மேலே என்னதான் செய்கிறீர்கள் என்று பார்க்க ஏறி வந்தார்கள். கை கழுவிவிட்டு வரச் சொன்னேன். கழுவி, சேலையில் துடைத்து, தரையில் உட்கார்ந்தார்கள். குளிக்கும் பெண்கள் இருந்த ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். சட்டை போடாத பிரதி.

"ஆத்தாடி," என்றார் ஒருவர்.

"இந்தப் பிள்ளைக்கு ரத்தமே இல்ல, இம்புட்டு வெளுப்பா இருக்கு," என்றார் இன்னொருவர்.

"இடுப்பப் பாரு, நம்ம கணக்காத்தான் இருக்கு. ஒல்லிப்பிச்சானா வரையாம ஒழுங்கா வரஞ்சிருக்கான்."

அந்த நேரம் பார்த்துத் தோழியின் பெரியப்பா படியேறி வந்தார். வாசலில் நின்று எட்டிப் பார்த்தவர் திடுக்கிட்டார். எங்கே போனாலும் ஒரு மாமா இருப்பார் போல.

"ஏத்தா, பொம்பளைங்க பாக்குற படமா இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் இடுப்பைப் பற்றிச் சொன்ன அக்கா, தலையைக்கூட நிமிர்த்தாமல் பதில் சொன்னார்.

"வரஞ்சிருக்கதே பொம்பளையத்தானுங்களே. நாங்க பாக்காம நீங்களா பாக்கப் போறீங்க?"

பெரியப்பா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு இறங்கினார். அக்கா புத்தகத்தை மூடி என்னிடம் நீட்டினார்.

"அடுத்தத எடு தாயி."